உலக்கையை முதல் நாளே நிப்பாட்டிப் பாருங்கோ: நம்புற வீட்டுக்குள்ள விஞ்ஞானம் கதைக்கிறது எப்பிடி

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல, அம்மாவுக்கு கோணேசரைக் கும்பிடாம ஒரு நாள் விடியாது. ரெண்டு பேரும் ஒரே வீட்டில தான் இருக்கிறம், திருகோணமலை டவுனுக்குள்ள, இரவில கடல் இரைச்சல் கேக்கிற தூரத்தில. இப்பிடி வீடு கனபேருக்கு இருக்கும். வீட்டுக்குள்ள ஒரு புரளியோ ஒரு பயமோ வந்தா அதை எப்பிடிக் கதைக்கிறது, சொந்தக்காரரை நோகடிக்காம, அதே நேரம் உண்மையையும் விட்டுக்குடுக்காம, அதைத் தான் இதில எழுதுறன். நான் முதல்ல பிழையாச் செய்துபோட்டுப் பிறகு பழகினது தான் இவ்வளவும்.

2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கோ? சுனாமி வந்து சரியா 15 வருசம், அதே நாள் காலையில சூரிய கிரகணம், அதுவும் எங்கட ஊருக்கு மேலால போன வளையக் கிரகணம். அதுக்கு ரெண்டு நாளைக்கு முதலே எங்கட குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில ஒரு வாய்ஸ் சுத்தத் தொடங்கிட்டு, 2004 லயும் பௌர்ணமி அண்டைக்குத் தான் கடல் வந்தது, இப்ப அதே திகதியில கிரகணம், கடல் திருப்பி வரும், சாமான் கட்டுங்கோ எண்டு. போட்டது என்ட பெரியம்மா. நான் உடன குரூப்பிலயே, படிச்ச ஆக்கள் இப்பிடி முட்டாள்தனமா ஷெயார் பண்ணலாமோ எண்டு எல்லாருக்கும் முன்னால எழுதிப்போட்டன். பெரியம்மா ஒண்டும் சொல்லேல்ல, குரூப்ப விட்டு வெளிய போயிட்டா. 2004 ல அவட வீடு அத்திவாரத்தோட போனது, அண்டைக்கு ஓடின ஓட்டம் அவட உடம்பில இன்னும் இருக்கு, அதை நான் யோசிக்கவே இல்ல. நான் சொன்ன விசயம் சரி தான், ஆனா அதால ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் வரேல்ல.

அதால முதல் செய்ய வேண்டியது, இந்தக் கதை பயத்தில வருதா இல்லாட்டி வியாபாரத்தில வருதா எண்டு பாருங்கோ. பயத்தில சொல்லுற ஆளுக்கும் காசுக்குச் சொல்லுற ஆளுக்கும் ஒரே மாதிரிப் பதில் குடுக்கக் கூடாது. பயந்த ஆளோட குரூப்பில கதைக்காதேங்கோ, தனியாப் போன் எடுங்கோ, முடிஞ்சா நேர போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதையுங்கோ. நீங்கள் சரியாத் தான் சொன்னாலும் நாலு பேருக்கு முன்னால தோத்த ஆள் அதை ஒருநாளும் ஏற்க மாட்டார், நாங்களும் அப்பிடித் தானே.

அடுத்தது தான் முக்கியம், என்னைக் கேட்டா மிச்சம் எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதேங்கோ. எந்த அதிசயத்தைச் சொன்னாலும் "மற்ற நாள்ல என்ன நடக்குது?" எண்டு கேளுங்கோ. பெரியம்மாட பௌர்ணமிக் கதையை எடுங்கோ. 2004 டிசம்பர் 26 போயா நாள் தான், அது உண்மை. ஆனா வருசத்துக்கு 12 இல்லாட்டி 13 பௌர்ணமி வருது, 2004 ல இருந்து 2019 வரைக்கும் கிட்டத்தட்ட 185 பௌர்ணமி வந்து போயிருக்கு, அந்த 185 ல எத்தினை தரம் கடல் ஊருக்குள்ள வந்தது? இதைப் பிறகு நானும் பெரியம்மாவும் கலண்டரை வைச்சு எண்ணினம். நான் சொல்லேல்ல, அவவே தான் எண்ணினா, 2012 ஏப்ரல் வரைக்கும் வந்து நிண்டா, அண்டைக்கு சுமாத்ராப் பக்கம் 8.6 அளவில நில நடுக்கம், எச்சரிக்கை குடுத்து நாங்கள் எல்லாம் மேட்டுப் பக்கம் ஓடினது, ஆனா பெரிய அலை வரேல்ல. ஏன் வரேல்ல எண்டு அவ கேட்டா பாருங்கோ, அந்த இடத்தில தான் விஞ்ஞானம் சொல்ல இடம் கிடைச்சது. 2004 ல கடலடித் தரை மேல கீழ தூக்கிப் போட்டது, மேல இருந்த தண்ணி முழுக்கத் தள்ளுப்பட்டது, 2012 ல தரை பக்கவாட்டில வழுக்கினது, அதால தண்ணி பெருசாத் தூக்குப்படேல்ல. சந்திரன் செய்யிறது வத்தும் பெருக்கும் தான், எங்கட துறைமுகத்தில அது ஒரு மீற்றர் கூட வராது.

ஆள் கேள்வி கேட்டாப் பிறகு விளக்கம் சொல்லுங்கோ, கேக்க முதல் சொன்னா அது பாடம் எடுக்கிற மாதிரிப் போயிடும்.

இனி உலக்கைக் கதைக்கு வாறன். கிரகணம் பிடிக்கிற நேரம் தாம்பாளத்தில தண்ணி விட்டு உலக்கையை வைச்சா தானா நிக்கும், கிரகணம் விட்டோடன விழுந்திடும் எண்டு அம்மா சின்ன வயசில இருந்தே சொல்லுவா. அண்டைக்கு ஒன்பதரை மணிக்கு அம்மா வைச்சா, நிண்டது. பக்கத்து வீட்டு ஆக்களும் வந்து பாத்தவை. நான் "இது எந்த நாளும் நிக்கும் அம்மா" எண்டன், "கண்ணுக்கு முன்னால நிக்குது, சும்மா கதைக்காத" எண்டு சொல்லிப்போட்டு அம்மா கற்பூரம் கொளுத்தினா. அதுக்கு மேல கதைக்க ஏலாது, ஏனெண்டா அதிசயம் நடந்து முடிஞ்சாப் பிறகு யார் என்ன சொன்னாலும் அது சாட்டு மாதிரித் தான் கேக்கும்.

நான் இந்தச் சோதனையைக் கிரகணத்துக்கு முதல் நாளே செய்திருக்க வேணும். பிறகு தை மாசத்தில ஒரு செவ்வாய்க்கிழமை, கிரகணமும் இல்ல ஒண்டும் இல்ல, மத்தியானம் சமையல் முடிஞ்ச நேரம் அம்மாட்ட "அம்மா, ஒருக்கா அதே மாதிரி வைச்சுக் காட்டுங்கோவன்" எண்டு கேட்டன். அதே தாம்பாளம், அதே உலக்கை, அதே கை. முதல் தரம் சரிஞ்சது, நான் பிடிச்சன். ரெண்டாம் தரமும் சரிஞ்சது, மூண்டாவதும். நாலாவது தரம் அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மெல்ல அசைச்சு, விரலை ஒவ்வொண்டா எடுத்தா. நிண்டது. கிரகணத்தண்டைக்கு நிண்ட மாதிரியே, அசையாம. அம்மா கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கொண்டு நிண்டா, பிறகு குனிஞ்சு உலக்கையின்ட அடியைத் தடவிப் பாத்தா, இரும்புப் பூண் தட்டையா ஒரே மட்டமா இருந்தது. "பூண் தான் நிப்பாட்டுது என்ன" எண்டா. நான் ஒரு சொல்லும் சொல்லேல்ல.

இதில சில விசயம் கவனியுங்கோ. வைக்க முதலே என்ன நடக்கும் எண்டு அவையின்ட வாயாலயே சொல்ல விடுங்கோ, "கிரகணம் இல்லாத நாள் நிக்காது" எண்டதை அம்மா முதலே சொல்லியிருந்தா, அதால தான் நிண்டது அவவுக்கு அர்த்தமாப் போச்சு. கையும் அவையின்ட கையா இருக்க வேணும், நீங்கள் வைச்சா ஏதோ வித்தை காட்டுறியள் எண்டு நினைப்பினம். நிண்டாப் பிறகு வெண்ட மாதிரி முகத்தில ஒண்டும் காட்டாதேங்கோ. கேட்டா மட்டும் சொல்லலாம், பாரத்தின்ட நடு அந்தப் பூணுக்கு நேர மேல இருக்கும் வரைக்கும் உலக்கை நிக்கும், சூரியனும் சந்திரனும் இழுத்து நிப்பாட்டுது எண்டா அண்டைக்கு அந்த நேரம் ரெண்டும் தென்கிழக்கால பாதி உயரத்தில தானே நிண்டது, உலக்கை அந்தப் பக்கம் சரிஞ்செல்லோ இருக்க வேணும்.

பயத்தைக் குறைக்க இன்னொரு வழி, ஆக்களை அந்த விசயத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போறது. சூரியனை நேர பாக்கக் கூடாது, இது மூடநம்பிக்கை இல்ல, கண்ணின்ட விழித்திரை எரியும், நோகாமலே எரியும். ஆனா ஓட்டை உள்ள இடியப்பத் தட்டு ஒண்டை வெயில்ல பிடிச்சு நிலத்தில விழுற நிழலைப் பாருங்கோ, ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு சின்னச் சூரியனை விழுத்தும், முதல்ல பிறை பிறையா, நடுவில வளையம் வளையமா. மாமரத்துக்குக் கீழயும் அப்பிடித் தான் விழும். அண்டைக்கு வெளிய வர மாட்டன் எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த தங்கச்சி யன்னலால இதைப் பாத்துப்போட்டுத் தான் வாசலுக்கு வந்தவ.

தங்கச்சி அப்ப ஏழு மாசம். கிரகண நேரம் வெளிய வந்தா பிள்ளைக்கு உதடு பிளக்கும், கிரகணம் விடும் வரைக்கும் ஒண்டும் சாப்பிடவும் கூடாது எண்டு சொல்லி வைச்சிருந்தவை. இந்த விசயத்தில நான் மெதுவாக் கதைக்க மாட்டன், நீங்களும் கதைக்காதேங்கோ. பிள்ளையின்ட மேலுதடு கூடுறது கர்ப்பத்தின்ட 4 க்கும் 7 க்கும் இடைப்பட்ட கிழமையில, கனபேருக்கு அப்ப தான் கர்ப்பம் எண்டே தெரியவரும். ஏழாம் மாசத்தில கூடின உதட்டை ஒரு நிழல் வந்து பிளக்காது. எங்கட ஒழுங்கையில உதடு பிளந்த பிள்ளையோட ஒரு அம்மா இருந்தவ, கிரகணத்துக்கு வெளிய போனனியோ, கத்தி எடுத்தனியோ எண்டு மாமியார் பகுதி வருசக்கணக்காக் கேட்டு, அவவும் தன்னில தான் பிழை எண்டு நம்பி அழுதுகொண்டு இருந்தவ. அதுக்குச் சத்திரசிகிச்சை இருக்கு, அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு சிகிச்சையும் இல்ல. ஒரு நம்பிக்கை ஒருத்தரில பழியைப் போட்டா அண்டைக்கே எதிர்த்துக் கதையுங்கோ.

உயிர் விசயமும் அப்பிடித் தான், பரிசோதனை செய்து காட்டிக்கொண்டு இருக்க நேரம் இல்ல. 2017 ல கிண்ணியாவில டெங்கு பரவினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த வருசம் இலங்கை முழுக்க 186,101 பேருக்கு டெங்கு எண்டு பதிவு. அப்ப வீடு வீடா பப்பாசி இலைச் சாறு குடுத்தவை, குடுத்தா பிளேட்லட் ஏறுது எண்டு ரிப்போர்ட்டைக் காட்டுவினம். இங்கயும் அதே கேள்வி தான், குடிக்காத ஆளுக்கு என்ன நடக்குது? டெங்கில பிளேட்லட் முதல்ல இறங்கி, ஒரு கிழமை அளவில தானாவே ஏறத் தொடங்கும், ஏறப் போற நேரத்தில எதைக் குடிச்சாலும் அது தான் ஏத்தினது மாதிரித் தெரியும். ஆனா நான் சாறு குடுக்காதேங்கோ எண்டு சண்டை பிடிக்கிறேல்ல, "சாறு குடுத்தாலும் பரவாயில்ல, மூண்டாம் நாள் பிளட் டெஸ்ட் எடுங்கோ, காய்ச்சல் விட்டோடன சுகம் எண்டு நினைச்சு வீட்டில வைச்சிருக்காதேங்கோ, அந்த ஒண்டு ரெண்டு நாள் தான் ஆபத்து, பரசிட்டமோல் தவிர வேற நோக்குளிசை குடுக்காதேங்கோ" எண்டு தான் சொல்லுறன்.

காசுக்குச் செய்யிறவைக்கு வேற மருந்து. யாழ்ப்பாணத்தில தாவரவியல் படிப்பிச்ச ஏப்ரகாம் கோவூர் 1963 ல ஒரு லட்சம் ரூபா பந்தயம் வைச்சார், ஏமாத்த வழி இல்லாத நிபந்தனையில அற்புதம் ஒண்டைக் காட்டட்டும், உதாரணத்துக்கு மூடி ஒட்டின உறைக்குள்ள இருக்கிற காசுத்தாளின்ட நம்பரை வாசிச்சுக் காட்டட்டும் எண்டு. 1978 ல அவர் சாகும் வரைக்கும் ஒருத்தரும் அதை வெல்லேல்ல. பேய் ஓட்ட இருபத்தையாயிரம், தோஷம் கழிக்க ஐம்பதாயிரம் கேக்கிற ஆளுக்கு முன்னால நீங்களும் இதே மாதிரிக் கேக்கலாம், என்ன நடக்கும், எத்தினையாம் திகதிக்குள்ள நடக்கும், நடக்காட்டி காசு திரும்பி வருமோ, கடுதாசியில எழுதித் தாங்கோ எண்டு. ஆனா இந்த முறையைப் பெரியம்மாவில பாவிக்காதேங்கோ.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு எத்தினையோ பேர் செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு வருவினம், தாயின்ட கிரியைக்காக இராவணன் நிலத்தில குத்தி எடுத்த தண்ணி எண்டு சொல்லுவினம். மழைத்தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்கு இறங்கி, கிலோமீற்றருக்கு 25, 30 பாகை எண்டு சூடாகி மேல வருது, கீழ எரிமலை ஒண்டும் இல்ல. ஏழு கிணத்துக்குள்ளயும் கையை விட்டு எது சூடு கூட எண்டு பாத்த மருமகனுக்கு நான் இதைச் சொன்னன், அவன் ஏன் ஏன் எண்டு கேட்டுக்கொண்டே வந்தான். பக்கத்தில தகப்பனுக்குக் கிரியை செய்துகொண்டு நிண்ட ஆளுக்கு நான் ஏன் அதைச் சொல்ல வேணும்? அவர் தண்ணி எப்பிடிச் சுட்டது எண்டு கேக்க வரேல்ல.

கடவுள் இருக்கோ எண்டு நீங்களா எடுக்காதேங்கோ. கேட்டா மறைக்கவும் வேண்டாம், எனக்கு நம்பிக்கை இல்ல எண்டு ஒரு வசனத்தில சொல்லிப்போட்டு விடுங்கோ. நான் அம்மாவைக் கோணேசர் கோயில் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கோட்டை வாசல்ல மானுக்குப் பக்கத்தில நிண்டு, திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறனான். நீங்கள் பிழை விட்டா அதைச் சொன்ன இடத்திலயே திருத்துங்கோ. பெரியம்மாட்ட நான் குரூப்பில தான் பேசினன், அதால மன்னிப்பையும் குரூப்பில தான் கேட்டன், அவவைத் திருப்பிச் சேத்துப்போட்டு. கடல் சம்பந்தமா எது வந்தாலும் ஷெயார் பண்ண முதல் 117 க்கு அடிச்சுக் கேக்கிறது எண்டு அப்ப தான் எல்லாரும் முடிவெடுத்தம், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட நம்பர்.

எங்கட பக்கத்துக்கு அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21, தென்னிந்தியாவுக்கு மேலால போகுது, எங்களுக்கும் தெரியும். உலக்கையை 20 ஆம் திகதி பின்னேரமே எடுத்து வையுங்கோ, ஓட்டை உள்ள இடியப்பத் தட்டையும் தான். பூண் தேஞ்சு சரிஞ்சிருந்தா எந்த நாளும் நிக்காது, அதால அதையும் முதலே பாத்துக்கொள்ளுங்கோ.