உலோகம் கலந்த கழிவுநீரைச் சுண்ணாம்பிட்டுத் தெளிய வைத்து மீளப் பயன்படுத்தும் முறை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, காத்தான்குடி போன்ற ஊர்களில் கிணற்று நீர் ஆழமில்லாத மணலில் தங்கியிருப்பதால், முலாம் பூசும் பட்டறையோ பற்றறி திருத்தும் கடையோ முற்றத்தில் ஊற்றும் நீர் அயல் கிணற்றைச் சென்றடைவது எளிது. அந்நீரிலுள்ள ஈயம், செம்பு, நாகம் (துத்தநாகம்), நிக்கல் ஆகியவற்றைச் சுண்ணாம்பால் வீழ்படிவாக்கி, அதாவது கரையாத துகள்களாகப் படியச் செய்து, பிரித்துவிட்டால், நிலம் கழுவுவதற்கும் முதல் அலசலுக்கும் அதனையே மீண்டும் எடுக்கலாம்.

கழிவுகளை ஒரே தொட்டியில் கலந்துவிடக் கூடாது. சயனைட்டு உள்ள முலாம் நீருடன் அமிலம் சேர்ந்தால் உயிரைப் பறிக்கும் வாயு கிளம்பும். ஆகையால் அதனை இம்முறைக்கு உட்படுத்தாது முற்றாகத் தனியே வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் குரோமிய நீர் சுண்ணாம்புக்கு மட்டும் மசியாது. காற்றோட்டமான இடத்தில் அதன் பி.எச். பெறுமானத்தை (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவை) 2 முதல் 3 வரை இறக்கி, குரோமியத்தைப் படியக்கூடிய வடிவுக்கு மாற்றும் சோடியம் மெற்றாபைசல்பைற்றை இட்டு, நிறம் பச்சையாக மாறிய பின்னரே சுண்ணாம்பிட வேண்டும்.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதை அளவுக் கரண்டியன்று, பி.எச். மானியே தீர்மானிக்க வேண்டும். செம்பு 9 அளவிலும் நிக்கல் 10க்குச் சற்று மேலும் நன்கு படியும். நாகமும் ஈயமும் குரோமியமுமோ காரம் மிஞ்சினால் மீண்டும் கரைந்துவிடும். இதனாலேயே, கூடுதலாகப் போட்டால் கூடுதல் நன்மை என்று எண்ணுவதை மிகப் பெரிய பிழையாகக் கருதுகிறேன். ஐந்து போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர் கழிவுநீரை எடுத்து, நீற்றுச் சுண்ணாம்புப் பாலால் 8.5, 9, 9.5, 10, 10.5 என உயர்த்தி, ஒரு நிமிடம் வேகமாகவும் கால்மணி நேரம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாது விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பித்தால், உங்கள் கழிவுக்குப் பொருந்தும் பெறுமானம் புலப்படும். நுண்துகள்கள் மிதந்துகொண்டேயிருந்தால் சிறிதளவு பெரிக் குளோரைட்டு அவற்றைத் திரளச் செய்யும்.

தொட்டியிலும் அவ்வாறே செய்து, தெளிந்த நீரை மணல் வடியினூடாக வேறு தொட்டிக்கு மாற்றிய பின்பே அமிலத்தால் 7 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் படிந்த அடையலோடு சேர்த்து அமிலமிட்டால் பிரிந்த உலோகம் திரும்பவும் நீரில் கரையும். கல்சியம் மிகுந்த இந்நீர் இறுதி அலசலுக்கு ஆகாது. குடிப்பதற்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ ஒருபோதும் விடலாகாது.

அடியில் தங்கும் அடையலில்தான் உலோகத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதனைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தாமல், மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாய்களில் கூரையின்கீழ்க் கொங்கிறீற்றுத் தளத்தில் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களிடமே கையளியுங்கள்.