மழைக்காலத்தில் தாய்லாந்து: முதலில் கரையை முடிவு செய்யுங்கள்

ஜூன், ஜூலையில் விமானக் கட்டணம் இறங்கியதும் பலரும் முதலில் டிக்கெட் போடுவது புக்கெட்டுக்குத்தான். போய் இறங்கினால் கடற்கரையில் சிவப்புக் கொடி, தீவுப் படகு ரத்து, நாள் முழுக்க ஓட்டல் அறை. அதே வாரத்தில் நிலத்தின் மறுபக்கம் இருக்கும் கோ சமுய் தீவில் பெரும்பாலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

காரணம் நமக்குப் பழகியதுதான். புக்கெட், கிராபி, கோ லந்தா எல்லாம் அந்தமான் கடல் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் கரை. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை. சமுய், பங்கன், தாவ் ஆகிய மூன்றும் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கின்றன. நடுவில் உள்ள மலைகள் மறைப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை குறைவு. வடகிழக்குப் பருவமழை சென்னையை நனைக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அவையும் நனையும். நவம்பர்தான் மிக மோசம். கொச்சி, சென்னை கணக்கு அப்படியே பொருந்தும்.

இதை நம் விடுமுறைகளோடு வைத்துப் பாருங்கள். கோடை விடுமுறையின் கடைசி வாரங்களோ ஜூலை, ஆகஸ்டோ என்றால் சமுய் பக்கம். காலாண்டு விடுமுறை சிக்கலானது: பாங்காக்கில் அதிக மழை கொட்டும் மாதம் செப்டம்பர், புக்கெட் பக்கமும் கடல் கொந்தளிப்பு. அப்போதும் வளைகுடாத் தீவுகளே தேவலை. நவம்பரில் போவதானால் நேர்மாறாக அந்தமான் பக்கம் திரும்புங்கள். அந்தமான் பக்கமுள்ள சிமிலன் தீவுகள் மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில்தான் திறக்கும். அதே பக்கத்து மாயா பே கடற்கரை ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும். இவற்றுக்காகவே போகிறவர்கள் மழைக்கால மலிவை மறந்துவிடலாம்.

போகும் வழி

சென்னையிலிருந்து பாங்காக் சுமார் மூன்றரை மணி நேரம். சமுய் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தமானது, அதனால் அங்கே நேராகப் பறப்பது எப்போதும் விலை அதிகம். மலிவான வழி ரயில். டான் மியாங் விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்தே சிவப்புத் தட ரயிலில் பாங்காக்கின் முக்கிய ரயில் நிலையமான குருங் தெப் அபிவத் போகலாம். தெற்கே போகும் இரவு ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. சமுய்க்குப் படகு பிடிக்க இறங்க வேண்டிய ஊரான சூரத் தானிக்கு இரண்டாம் வகுப்பு ஏ.சி. படுக்கை எடுங்கள். கீழ்ப் படுக்கை சற்றே விலை கூடுதல், ஆனால் அகலம். ஏ.சி. குளிர் நடுக்கும், ஒரு ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும். ஓர் இரவு ஓட்டல் செலவும் மிச்சம்.

சூரத் தானி ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, புன்பின் என்ற இடத்தில் இருக்கிறது. நிலைய வாசலிலேயே பஸ்ஸும் படகும் சேர்ந்த டிக்கெட் விற்பார்கள். டான்சாக் துறைமுகத்திலிருந்து சமுய்க்குக் கார் ஏற்றும் பெரிய படகில் ஒன்றரை மணி நேரம். மழைக்காலத்தில் ஸ்பீட் போட்டை விட்டு இதையே எடுங்கள். அலை எழும்பினால் முதலில் நிற்பது சின்னப் படகுகள்தான்.

திட்டத்தில் பெரும்பாலானோர் சறுக்குவது கடைசி நாளில். தீவிலிருந்து காலையில் படகு, மாலையில் பாங்காக்கில் விமானம் என்று கோத்துவிடுவார்கள். படகு நின்றால் விமான டிக்கெட் போய்விடும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் விமான நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே பாங்காக்கில் இருந்தாக வேண்டும். பயணக் காப்பீடு இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். மழை பெய்தது என்பதற்காக மட்டும் வழக்கமான பாலிசிகள் பணம் தராது. தாமதத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்து இழப்பீடு, படகும் அதில் சேருமா என்ற இரண்டை மட்டுமாவது பாலிசியில் தேடிப் படியுங்கள்.

அறை, காகிதம், காசு

அறையை முதல் இரண்டு இரவுக்கும் பாங்காக்கின் கடைசி இரவுக்கும் மட்டும் போடுங்கள், அதுவும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாக. மற்றதை நேரில் போய்க் கேட்டால் ஆளில்லாத மாதத்தில் விலை இறங்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்கள் சமுய்க்கு வருவதால் அங்கே பேரம் அவ்வளவாக எடுபடாது. சமுயில் சாவெங் கடற்கரையைவிட ‘மே நாம்’ கடற்கரையில் அறை மலிவு. பங்கனில் முழுநிலவு விருந்து நடக்கும் நாட்களில் விலை ஏறும். பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்து அதைத் தாண்டிப் போங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 நவம்பரில் தொடங்கிய விசா விலக்கின் விதிகள் இடையில் மாறியிருக்கின்றன. அதனால் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் தாய்லாந்து குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், முற்றிலும் இலவசம். பணம் கேட்டால் அது வேறு யாருடைய தளமோ.

ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (தாய்லாந்து நாணயம்) மேல் பிடிப்பார்கள், நம் வங்கி பிடிப்பது தனி. அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். “ரூபாயில் மாற்றிக் காட்டவா?” என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நஷ்டம். ஸ்கூட்டர் வாடகை மலிவுதான், ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனம் குறிக்கப்படாவிட்டால் விபத்துக்குக் காப்பீடு கிடைக்காது. நனைந்த மலைச் சாலையில் இது வெறும் காகித விஷயமில்லை. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையை விட்டு நகருங்கள்.

சைவ உணவுக்காரர்கள் ‘ஜே’ என்று எழுதிய மஞ்சள் கொடியைத் தேடுங்கள். மீன் சாறு கூட இல்லாத உணவு. சும்மா காய்கறி என்று சொன்னால் மீன் சாறு விழுந்துவிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் வரும் சைவத் திருவிழாவின்போது புக்கெட் நகரெங்கும் இது கிடைக்கும்.

மழையும் கடலும்

போனில் தினமும் தெரியும் மழைப் படத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பல நாட்களில் அது ஒரு மணி நேரப் பெருமழைதான். பார்க்க வேண்டியது அலை உயரம். 2 மீட்டருக்கு மேல் போகும் என்று தாய் வானிலைத் துறை எச்சரித்தால் தீவு மாறும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். மெல்லிய மழைக்கோட்டு, சீக்கிரம் உலரும் துணி மூன்று செட், பாஸ்போர்ட்டும் போனும் வைக்க நீர் புகாத 10 லிட்டர் பை போதும். சலவைக் கடைகளில் கிலோ கணக்கில் துவைத்துத் தருவார்கள்.

சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீர்கள். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். வளைகுடாத் தீவுகளில் மழைக்காலத்தில் பெட்டி ஜெல்லிமீன் வரும். கொட்டினால் கரையில் கம்பத்தில் வைத்திருக்கும் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ தேய்க்கவோ கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், ஆகவே கொசு விரட்டி மருந்தைக் காலையிலேயே பூசுங்கள். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். டாக்டரிடம் எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.