பூச்சாண்டி காட்டுவதும் மிரட்டுவதும் ஒன்றல்ல

சாப்பிடாத குழந்தையிடம் 'பூச்சாண்டி வர்றான் பாரு' என்கிறோம். உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஆண்டி என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பூச்சாண்டி வெற்றுப் பயம், வரவே மாட்டான்.

'வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று பூச்சாண்டி காட்டுகிறான்' என்றால், போகமாட்டான் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. அருமையான வசதி இது! 'இந்தப் பூச்சாண்டியெல்லாம் என்னிடம் வேண்டாம்' என்பதும் அப்படித்தான். ஆனால் கத்தியோடு வந்தவன் காட்டியது பூச்சாண்டி அல்ல, அங்கே மிரட்டல்தான் சரி. புயல் எச்சரிக்கையைப் பூச்சாண்டி என்று எழுதினால், புயலே வராது என்று சொன்னதாகிவிடும்.

அப்புறம், பிள்ளைகளிடம் டாக்டரையும் போலீஸையும் பூச்சாண்டியாக்காதீர்கள். ஆபத்தில் அவர்களிடம்தானே ஓட வேண்டும்?