செகண்ட் ஷோ வைராக்கியம்: த்ரில்லர் பார்த்துத் திருந்த நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். நல்ல த்ரில்லர் ஒன்று பார்த்துவிட்டு நடுராத்திரியில் பெங்களூர் அல்சூர் ஏரி ஓரமாக நடந்து வரும்போது பிறப்பதையும் அந்த வரிசையில் சேர்க்கலாம். அது பொய்யான உணர்ச்சி என்று நான் சொல்லவில்லை. அதை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் என் கவலை.

எங்கள் பிஜி விடுதியில் பக்கத்து அறைத் தம்பி திருப்பத்தூர்க்காரர். ‘ராட்சசன்’ பார்த்து முடித்த ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார். “அண்ணே, நாளைலேருந்து நாலரைக்கு எந்திரிக்கிறேன். கன்னடம் படிச்சிடுறேன், ஜிம்முக்குப் போறேன், இந்த வேலையையும் மாத்திடுறேன்.” கண்கள் பளபளத்தன. நான்காம் நாள் அவருடைய அலாரம் அடித்து, எழுந்தது நான்தான்.

அவர் செய்த முதல் தவறு, அந்த ராத்திரியே எல்லாவற்றையும் முடிவு செய்தது. டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதை விளக்கினார். ஒரு காட்சியால் உடம்பில் ஏறிய படபடப்பு, காட்சி முடிந்ததும் உடனே இறங்குவதில்லை. அந்த மிச்சச் சூடு, அடுத்து நாம் எதை நினைக்கிறோமோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். துரத்தலில் ஏறிய இதயத் துடிப்பை நம் மன உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். ஆகவே அன்றைக்கு ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் காபி குடித்த பிறகும் அந்த வரி பிடித்திருந்தால் அது உங்களுடையது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. படத்திலிருந்து தப்பான பாகத்தை எடுத்துக்கொள்கிறோம். 2018-இல் ராம்குமார் இயக்கி வந்த ‘ராட்சசன்’ படத்தில் அருண் சினிமா இயக்குநராக ஆசைப்படுகிறவர். தொடர் கொலைகாரர்களைப் பற்றிய செய்திகளைத் தேடித் தேடிச் சேர்த்து அறைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருப்பார். தயாரிப்பாளர்கள் யாரும் கதையை ஏற்கவில்லை. வீட்டுச் சூழலால் போலீஸ் வேலைக்குப் போகிறார். மேலதிகாரி காது கொடுக்காத இடத்தில் அவர் கண்ணுக்கு மட்டும் கொலைகளின் ஒழுங்கு தெரிவதற்குக் காரணம், தோற்றுப்போன கதைக்காகச் சேர்த்த அந்தக் காகிதங்கள். ‘பாபநாசம்’ நாயகனும் அப்படித்தான். கேபிள் டிவி ஆபீஸில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்த படங்கள்தான் பிறகு அவருக்குக் கைகொடுக்கின்றன. இந்தச் சேகரிப்பை எந்தப் படமும் சில நிமிடங்களுக்கு மேல் காட்டாது, காட்டினால் நாம் போனை எடுத்துவிடுவோம். அதனால் நம் மனதில் தங்குவது ஓட்டமும் கோபமும் தூக்கமில்லாத கண்ணும். மறுநாளிலிருந்து அதைத்தான் நடித்துப் பார்க்கிறோம்.

நம் வாழ்க்கைக்கும் ஒரு வில்லனைத் தேடுவது அடுத்தது. பெரும்பாலும் மேனேஜர்தான் அகப்படுவார். அவர் வேறு டீமுக்குப் போன அன்றே நம் வேகமும் போய்விடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சபதம் போடுவதும் வேண்டாம். பீட்டர் கோல்விட்ஸர் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நோக்கத்தை மற்றவர்கள் அறிந்துகொண்ட பிறகு பலர் அதற்காக உழைப்பது குறைந்திருந்தது.

கால அளவிலும் ஏமாறுகிறோம். படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் நாயகன் தேர்ந்துவிடுகிறான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்ததில், ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒரு நாள் தவறியதும் “எல்லாம் போச்சு” என்று மொத்தத்தையும் கைவிடுகிறோமே, அந்தத் தம்பியும் அப்படித்தான் விட்டார்.

மறுபடி தொடங்கியபோது ஜிம்மையும் வேலையையும் ஓரமாக வைத்தோம். கன்னடம் மட்டும். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் ஐந்து எழுத்து, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நாம் ஒரே ‘க’வை வைத்து ஓட்டுவதற்கு அங்கே நான்கு எழுத்து இருப்பதைப் பார்த்து முதலில் சோர்ந்துதான் போனார். பிறகு ஒரு நாள் தட்டை ஈரத்தோடு வைத்துவிட்டு ஓடிவந்தார். “அண்ணே, பாலுக்கு ஹாலு, பல்லுக்கு ஹல்லு, புலிக்கு ஹுலி. நம்ம ப எல்லாம் இங்க ஹ ஆயிடுதா?” நோட்டில் இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதி வைத்திருந்தார். அருண் சுவரில் ஒட்டியதைத்தான் இவர் நோட்டில் செய்திருந்தார். “பலாவுக்கு என்ன?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “ஹலா… ஹலசு. அண்ணே, ஹலசூரு! நம்ம அல்சூர்!”

மறுநாள் மெட்ரோ ஸ்டேஷனில் அந்தப் பெயர்ப் பலகையை ஒவ்வொரு எழுத்தாக, தமிழையோ இங்கிலீஷையோ துணைக்கு அழைக்காமல் வாசித்தார். ரயில் ட்ரினிட்டியில் நின்றது. ட-வுக்குக் கீழே தொங்கிய சின்னக் கொக்கியைப் பார்த்து நின்றுவிட்டார். “இது என்ன எழுத்துண்ணே?”

“ராத்திரி தட்டு கழுவிட்டு பார்ப்போம்” என்றேன்.