லண்டன் சிட்டியை அரை நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

லண்டனுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் டவர் பிரிட்ஜில் போட்டோ எடுத்துவிட்டு நேராக வெஸ்ட்மின்ஸ்டருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் 'சிட்டி' தரைக்கு அடியிலேயே கடந்து போய்விடுகிறது. ரோமானியர்களின் லொண்டினியம் இருந்த இடம் அதுதான், இன்றைய வங்கிப் பேட்டையும் அதுதான். பரப்பு ஒரு சதுர மைலுக்குச் சற்றே கூடுதல். விசா, டிக்கெட், ஹோட்டல் கதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, நடைவழி மட்டும்தான்.

படி 1: கிழமை பார்த்துப் போங்கள்

சுற்றுலா என்றால் சனி, ஞாயிறு என்று நமக்குத் தோன்றும். சிட்டிக்கு அது சரிப்படாது. அங்கே குடியிருப்பவர்கள் குறைவு, வேலைக்கு வருபவர்களே அதிகம். வார இறுதியில் பல கடைகளும் பப்களும் பூட்டிக் கிடக்கும். பேங்க் ஆஃப் இங்கிலாந்து அருங்காட்சியகம் திங்கள் முதல் வெள்ளி வரைதான். ரோமானியர் காலத்து மித்ரேயம் கோயிலுக்கோ திங்களன்று விடுமுறை. ஆக, இரண்டையும் ஒரே நாளில் பார்க்க செவ்வாய் முதல் வெள்ளிக்குள் போக வேண்டும். அந்த நாள் பிரிட்டனில் பொது விடுமுறையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மித்ரேயத்துக்கு மட்டும் இணையத்தில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

படி 2: கேனன் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள்

எல்லா வழிகாட்டியும் 'பேங்க்' ஸ்டேஷனில் இறங்கச் சொல்லும். என் ஓட்டு அதற்கு இல்லை. பேங்க், மானுமென்ட் இரண்டும் பூமிக்கடியில் ஒன்றாக இணைந்தவை. நீண்ட சுரங்கப் பாதைகள், ஏகப்பட்ட வாசல்கள். எந்த வாசலில் ஏறினோம் என்று புரிவதற்குள் திசை குழம்பிவிடும். டிஸ்ட்ரிக்ட் அல்லது சர்க்கிள் லைனில் வந்து கேனன் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் இந்த வம்பே இல்லை. சாலையைக் கடந்தால் வால்புரூக் தெரு, 12ஆம் எண் கட்டடம்தான் மித்ரேயம்.

ஆய்ஸ்டர் கார்டு (லண்டன் ரயில், பஸ் பயண அட்டை) வாங்க வேண்டாம், தட்டிப் போகும் வங்கிக் கார்டே போதும். ஆனால் உள்ளே நுழையும்போது எதைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளே கார்டு, வெளியே போன் என்று தட்டினால், கார்டு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு முடிவடையாத பயணங்களாகக் கணக்காகி, பணம் கூடுதலாகப் போகும்.

படி 3: கடன் பத்திரத்தைப் பாருங்கள்

1954இல் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கோயில் இது. கட்டியது கி.பி. 240 வாக்கில். இடையில் வேறு இடத்துக்கு மாற்றி, 2017இல் தெரு மட்டத்துக்கு ஏழு மீட்டர் கீழே, பழைய இடத்தருகே திரும்ப அமைத்தார்கள். விளக்கும் புகையுமாக ஒரு காட்சி நடக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு மேல்தளத்துக் கண்ணாடிப் பேழைதான் பெரிது. இந்த மனையில் 400க்கும் மேற்பட்ட மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. மேலே பூசியிருந்த மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தில் கீறிய தடத்தை வைத்துத்தான் படித்திருக்கிறார்கள். அதில் ஒன்று அசல் புரோநோட்டு. விற்று ஒப்படைத்த சரக்குக்காக கிராட்டஸ் என்பவருக்கு 105 தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு) தர வேண்டும் என்று டிபுல்லஸ் என்பவர் எழுதிக்கொடுத்தது. இருவருமே விடுதலை பெற்ற அடிமைகள். தேதி கி.பி. 57, ஜனவரி 8. இதற்குச் சில ஆண்டுகளில் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பிய பூடிக்கா அரசியின் படை ஊரையே கொளுத்திவிட்டது. கடன் அடைந்ததா என்று யாருக்குத் தெரியும்!

படி 4: பேங்க் சந்திப்பு

வால்புரூக்கில் வடக்கே நடந்தால் பல தெருக்கள் கூடும் இடம் வரும். எதிரே தூண்களோடு நிற்பது ராயல் எக்ஸ்சேஞ்ச். வணிகர்கள் கூடிப் பேரம் பேச, தாமஸ் கிரெஷம் என்ற வணிகர் தொடங்கியது. 1571இல் முதலாம் எலிசபெத் திறந்துவைத்தார். 1666இலும் 1838இலும் எரிந்தது. இப்போது நிற்பது 1844இன் கட்டடம், உள்ளே ஆடம்பரக் கடைகள். உச்சியில் தங்க நிற வெட்டுக்கிளி தெரியும், அது கிரெஷம் குடும்பச் சின்னம்.

இடப்பக்கம் ஜன்னலே இல்லாத நீண்ட மதில், அதுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அருங்காட்சியக வாசல் கிழக்குப் பக்கம், பார்தலோமியூ சந்தில். பாதுகாப்புச் சோதனை உண்டு, சூட்கேஸோடு போகாதீர்கள். உள்ளே ஒரு பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு 13 கிலோ தங்கக் கட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். பார்வைக்கு செங்கல் அளவுதான், மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும்.

படி 5: சேஞ்ச் சந்து

எனக்குத் தண்ணி காட்டிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உயரக் கட்டடங்களுக்கு நடுவே போனில் நீலப் புள்ளி தெரு விட்டுத் தெரு தாவும். மேப்பை நம்பாதீர்கள். ராயல் எக்ஸ்சேஞ்சின் தெற்குப் பக்கம், கார்ன்ஹில் சாலை நடுவில், தொப்பி போட்ட ஒருவரின் சிலை நிற்கும். சுரங்க ரயில் பொறியாளர் கிரேட்ஹெட். (பீடம் வெறும் பீடமல்ல, கீழே இருக்கும் ஸ்டேஷனுக்குக் காற்றுப் போக்கி.) அங்கிருந்து எதிர் நடைபாதைக்குக் கடந்து கிழக்கே மெல்ல நடங்கள். கடைகளுக்கு நடுவே குறுகலான வழி தெரியும், சுவரில் பெயர்ப் பலகை இருக்கும். உள்ளே போனதும் சந்து கிளைகிளையாகப் பிரியும். ஒன்று லம்பார்ட் தெருவில் விடும், ஒன்று பர்ச்சின் சந்தில் விடும்.

சுவர்களையே பார்த்துக்கொண்டு நடங்கள். ஜோனதன்ஸ் காபிக்கடை இருந்த இடம் என்று ஒரு நீலப் பலகை சொல்லும். 1698இல் ஜான் காஸ்டைங் என்பவர் பங்கு விலைப் பட்டியல் போடத் தொடங்கியது அங்கிருந்துதான். 1720இல், தென் அமெரிக்க வணிகத்துக்கென்று தொடங்கிய தென்கடல் கம்பெனியின் பங்கை வாங்கவும் விற்கவும் கூட்டம் முண்டியடித்ததும் இந்தச் சந்தில்தான். ஜனவரியில் 130 பவுண்டை ஒட்டி இருந்த பங்கு கோடையில் 1000த்தைத் தொட்டு, ஆண்டு முடிவதற்குள் ஏறத் தொடங்கிய இடத்துக்கே இறங்கிவிட்டது.

பர்ச்சின் சந்துக்கு வெளியே வந்து, எதிரே காசில் கோர்ட் வழியாகப் போனால் செயின்ட் மைக்கேல்ஸ் சந்து. 1652இல் பாஸ்குவா ரோசே லண்டனின் முதல் காபிக்கடையைத் திறந்த இடம். இப்போது ஜமைக்கா ஒயின் ஹவுஸ் என்ற பப்.

படி 6: லெடன்ஹால்

கிழக்கே கிரேஸ்சர்ச் தெருவைக் கடந்தால் லெடன்ஹால் மார்க்கெட். 1881இல் கட்டிய இரும்புக் கூரை, அதற்கு அடியில் மண்ணுக்குள் ரோமானியரின் பொதுமன்றத்து எச்சங்கள். சாப்பாட்டு வேளையில் கோட்டு சூட்டுக் கூட்டம் அலைமோதும், 12 மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பின்னாலேயே குழாய்களை வெளியே காட்டிக்கொண்டு நிற்பது லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கட்டடம், 1986இல் திறந்தது. 1861இல் இடிக்கப்படும் வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. சென்னைக் கோட்டைக்கு உத்தரவுகள் கிளம்பிய தெரு. கம்பெனியின் சுவடைத் தேடி வருபவர்களுக்கு அங்கே பார்க்க ஏதும் இல்லை. திப்புவின் புலிப் பொம்மை ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்.

பின்சேர்க்கை: தெருமுனை வழிகாட்டிப் பலகை தப்பாக இருக்கிறது என்று ஒருவர் கமென்ட்டில் எழுதியிருந்தார். தப்பில்லை. அந்த வரைபடங்களில் மேல்பக்கம் வடக்கு அல்ல, நீங்கள் நிற்கும்போது முகம் பார்க்கும் திசை. போன் மேப்போடு ஒப்பிட்டால் குழப்பம்தான், போனைப் பையில் போட்டுவிட்டுப் பலகையை மட்டும் பாருங்கள்.