கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கிட்டார்

நல்ல நிலையில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டுமானால், வாசிப்பதை நிறுத்திவிட்ட ஆளைத் தேடுங்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருஷம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் செய்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைசிவரை வாசித்தவரின் கிட்டாரில் ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள், தேய்ந்திருக்கும், பாகங்கள் மாறியிருக்கும். கல்யாணமானதும் விட்டவர், சபையில் சேர்ந்ததும் மேடைப் பாட்டே வேண்டாம் என்று பெட்டியை மூடியவர், இவர்களுடையதுதான் அப்படியே இருக்கும்.

அதனால் "பழைய கிட்டார் இருக்கா?" என்று கேட்டு நிற்காதீர்கள். இல்லை என்பார்கள். "தாத்தா கல்யாண வீடுகளில் பேண்டு வாசித்தாரா, ஆயா?" என்று கேளுங்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போட்டோ வரும். போட்டோவுக்குப் பின்னால் பெட்டியும் வரலாம்.

பெட்டி எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அலமாரி உச்சி என்றால் கூரைச் சூடு கிட்டாரின் கழுத்தை வளைத்திருக்கும். கராஜ் என்றால் நம் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றிருக்கும். உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் என்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை எல்லோருக்கும் தெரியும். கற்பூர வாசனை வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து செல்லுலாய்ட் பிக்கார்டாக, அதாவது கீறல் விழாமல் முகப்பில் பொருத்தும் தகடாக, இருக்கலாம். அது சிதையும்போது வரும் ஆவி, மூடிய பெட்டிக்குள்ளேயே திருகுகளையும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் துரு பிடிக்க வைத்துவிடும்.

அப்புறம் கழுத்து. ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு என்றால் கவலையில்லை. தீக்குச்சியே நுழைந்தால் கழுத்துக்கு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை முறுக்க வேண்டிவரும். அதை அவர்கள் வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள். அமெரிக்க கிப்சன் கம்பெனி கிட்டார் என்றால் தலை சேரும் இடத்தின் பின்பக்கம் நகத்தால் தடவுங்கள். விழுந்தால் உடைவது அங்கேதான்.

இனி என் தொழில். சட்டைப்பையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டு போங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, குமிழ்களை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மின்தடையை அளவெடுங்கள். பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் 5, 6 கிலோ ஓம் காட்டும். இரட்டைச் சுருள் கொண்ட கிப்சன் ஹம்பக்கர் பிக்கப் 7, 8 காட்டும். மீட்டர் நூற்றுக்கணக்கான கிலோ ஓமுக்கு எகிறினால் பெரும்பாலும் பிக்கப்பின் சுருள் அறுந்திருக்கும். அந்தக் கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது, அறுக்க உப்பு வியர்வை போதும். திரும்பச் சுற்றிக்கொள்ளலாம், சத்தமும் நன்றாகவே வரும். ஆனால் ஒரிஜினல் என்று விலை கொடுக்காதீர்கள்.

திறந்து பார்க்க அனுமதித்தால் வால்யூம் குமிழின் அடியில் உள்ள பாகத்தில் எண்ணைத் தேடுங்கள். 1376632 என்று இருந்தால், 137 அதைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 66 என்பது 1966, 32 என்பது வாரம். கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த பாகத்தை யாரும் மாற்றாத வரை. பற்றவைத்த ஈயம் மங்கலாக, தூசியோடு இருந்தால் யாரும் கை வைக்கவில்லை என்று நம்பலாம். பளபளத்தால் யாரோ என் மாதிரி ஆள் வந்து போயிருக்கிறான். இந்தக் கணக்கு அமெரிக்க கிட்டார்களுக்குத்தான். நம் பக்கம் வந்த இங்கிலாந்து, ஜப்பான் சரக்குகளில் இதைத் தேடி ஏமாறாதீர்கள்.

வார்னிஷில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் வயதானால் அப்படித்தான். 1965க்கு முந்தைய கிட்டார் கண்ணாடி மாதிரி மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும். துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். நான் ஒரு தடவை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் ஒரு கோடை முழுக்க நிறுத்தி வைத்தேன். ரப்பர் வார்னிஷை உருக்கி இரண்டு கறுப்புத் தழும்பு போட்டுவிட்டது. இன்றும் அதைப் பார்த்தால் கோபம் வருகிறது, என் மேல்தான்.

காலோடோன் சாம்பியன் கிடைத்தது என்று எனக்கு போன் வரும். டர்பனில் செய்த கிட்டார், பீட்டில்ஸ் ஜான் லெனன் 1957இல் பால் மெக்கார்ட்னியை முதலில் சந்தித்த நாளில் வாசித்தது அதே ரகம்தான், அவருடையது 1999இல் ஏலத்தில் 1,55,500 பவுண்டுக்குப் போனது. ஆனால் அந்த விலை லெனனின் கைக்கு. அது எலெக்ட்ரிக்கும் இல்லை.

விலை பேசும்போது நீங்கள் நினைக்கும் மதிப்பை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். க்ராஃப்ட்டீனில் ஓர் அக்கா சிவப்பு வாட்கின்ஸ் ரேப்பியர் என்ற இங்கிலாந்து கிட்டார் ஒன்றைக் காட்டினார். பெட்டிக்குள் கணவர் தந்தியை மீட்டிய பிளெக்ட்ரம், இரண்டு சிகரெட், ஒரு கல்யாணப் பத்திரிகை. நான் தொகையைச் சொன்னதும் பெட்டியை மூடிவிட்டார். "இவ்வளவு பெறுமா? அப்ப பேரனுக்கு இருக்கட்டும், அண்ணா." புதுத் தந்தி போட்டுக் கொடுத்தேன். பேரன் இப்போது ஒரு பாட்டு முழுதாக வாசிக்கிறான், அதையே திரும்பத் திரும்ப.