விபிஎஸ்ஸுக்கு மாறும்போது கோட்டைவிடும் இடங்கள்

சொந்த சர்வரை விட்டு விபிஎஸ்ஸுக்கு (வழங்குநரின் பெரிய சர்வரில் வாடகைக்கு எடுக்கும் ஒரு பங்கு, மெய்நிகர் சர்வர்) வருவதில் வணிகக் கணக்கு எளிது. மொத்தமாக முதல் போட வேண்டாம். டிஸ்க் போவது, பவர் சப்ளை கருகுவது, யுபிஎஸ் பேட்டரி சாவது எல்லாம் வழங்குநரின் தலைவலி. ரேம் போதாவிட்டால் ஒரு ரீபூட்டில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இந்த லாபத்தைத் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் தொலைக்கிறார்கள். பாஸ்வேர்டு, அப்டேட் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் இங்கே இல்லை.

பழைய பெட்டியின் அளவையே வாங்குவது

சொந்த சர்வர் என்றால் ஐந்து வருடத் தேவையை ஊகித்து இன்றே பெரிதாக வாங்கியாக வேண்டும். அதே பழக்கத்தில் 16 கோர், 64 ஜிபி என்று விபிஎஸ் எடுத்தால் சும்மா கிடக்கும் திறனுக்கு மாதாமாதம் பணம் போகும். பழைய சர்வரில் இரண்டு வாரம், பயன்பாட்டைப் பதிவுசெய்யும் சார் (sar) கருவியை ஓடவிட்டு, உச்ச நேரப் பயன்பாட்டைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். பிறகு பெரிதாக்கும்போது சிபியு, ரேம் மட்டும் கூட்டுங்கள். டிஸ்க்கைக் கூட்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் சிறிய திட்டத்துக்குத் திரும்ப முடியாது.

லினக்ஸின் டாப் (top) கட்டளை காட்டும் சிபியு வரியில் கடைசியாக வரும் எஸ்டி (st) எண்ணையும் பாருங்கள். அது நெடுநேரம் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பக்கத்து விபிஎஸ்கள் உங்கள் சிபியு நேரத்தைத் தின்கின்றன. அதற்கு ரேம் வாங்கிப் பயனில்லை. தனி சிபியு தரும் திட்டத்துக்கு மாற வேண்டும்.

அணைத்து வைத்தால் பில் நிற்கும் என்று நினைப்பது

பெரும்பாலான இடங்களில் நிற்காது. டிலீட் செய்தால்தான் நிற்கும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் ஓய்வதில்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது. வழங்குநரின் பேனலில் ஒரு பட்டனைத் தட்டி, டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்தால் முழு சர்வரும் பத்திரம் என்று தூங்கப் போய்விடுகிறார்கள்.

அந்த ஸ்னாப்ஷாட் இருப்பது அதே வழங்குநரிடம், அதே கணக்கில், பல நேரம் அதே கட்டடத்தில். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டாசென்டர் தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை. தீ அபூர்வம் என்பீர்கள். கார்டு காலாவதியாகி, பில் கட்டாமல் கணக்கு முடங்குவது அபூர்வமா? பேனலுக்குள் புகுந்தவன் சர்வரையும் ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்தே அழிப்பான்.

இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் எடுப்பது, பிளக்கைப் பிடுங்கிய நொடியில் டிஸ்க் இருந்த நிலையைப் பிடிப்பதுதான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இன்னோடிபி வகை டேபிள்கள் தம் பதிவேட்டை (log) வைத்து எழுந்துவிடும். பழைய மைஐஸாம் வகை டேபிள்கள் உடைந்து வரலாம். தவறுதலாக அழித்த ஒரே ஒரு டேபிளை மீட்க முழு சர்வரையும் பின்னுக்குத் தள்ளினால், இடையில் வந்த ஆர்டர்கள் போச்சு.

ஆகவே இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) மூலம் மைஎஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸை ஒரு கோப்பாக எழுதுவது), சிங்கிள் டிரான்ஸாக்ஷன் (--single-transaction) ஆப்ஷனோடு. அதை, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிச் சேமிக்கும் பேக்கப் கருவியான ரெஸ்டிக் மூலம் வேறொரு வழங்குநரின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளை வைக்கும் இணையக் கிடங்கு) அனுப்புங்கள். 7 தினசரி, 4 வாராந்திர, 6 மாதாந்திரப் பிரதிகள் போதும். ஸ்டோரேஜில் வெர்ஷனிங்கை (அழித்த, மாற்றிய கோப்பின் பழைய பிரதியை வைத்திருக்கும் வசதி) ஆன் செய்து, பழைய வெர்ஷன்களை அழிக்கும் அனுமதியை சர்வரில் உள்ள அணுகல் கீக்குக் (access key) கொடுக்காதீர்கள். ரெஸ்டிக் பாஸ்வேர்டு சர்வருக்கு வெளியேயும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அது தொலைந்தால் பேக்கப் வெறும் குப்பை.

இதிலும் ஒரு பொறி உண்டு. டம்பை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் வழி) கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்கு அனுப்பினால், டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்றே திருப்பும். கிரானும் வாய் திறக்காது. ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் (set -o pipefail) போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் சோதியுங்கள். மாதம் ஒருமுறை ஒரு விபிஎஸ்ஸை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பை அதில் மீட்டு, கடைசி ஆர்டரின் தேதியைப் பார்த்துவிட்டு, டிலீட் செய்யுங்கள். சொந்த சர்வரில் இந்தச் சோதனைக்கே இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு மணி நேர வாடகைதான், அதையும் செய்வதில்லை.

யுஎஃப்டபிள்யூ போட்டாயிற்று, டாக்கர் பாதுகாப்பு என்பது

யுஎஃப்டபிள்யூ லினக்ஸின் ஃபயர்வால் கருவி. மென்பொருளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரோ, தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டை வெளியிட்டால் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டி இணையம் முழுவதற்கும் திறந்துவிடும். போர்ட்டை 127.0.0.1-க்கு (அதே சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கட்டுங்கள்.

மெயில் சர்வரையும் அதிலேயே நடத்துவது

வேண்டாம். பல வழங்குநர்கள் மெயில் வெளியே போகும் போர்ட் 25-ஐ அடைத்தேதான் தருகிறார்கள்.

டிஎன்எஸ்ஸைக் கடைசி நாளில் தொடுவது

டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைப்பது) பதிவின் டிடிஎல் (பழைய முகவரி மற்றவர்களிடம் நினைவில் இருக்கும் நேரம், விநாடிகளில்) 86400 என்றிருந்தால் மாற்றத்துக்கு ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போதே 300 ஆக்குங்கள். மாற்றும் நேரத்தில் பழைய டேட்டாபேஸை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆர்டர் அங்கே, பாதி இங்கே. பழைய சர்வரை ஒரு வாரமாவது கழற்றாமல் வையுங்கள். அதில் ஓடிய ஏதோ ஒரு கிரான் வேலையை யாராவது மறந்திருப்பார்கள்.